சாசேஜுக்குத் தீர்த்தம்

மார்ச் 21, சனி

கிதான்ஸ்க் வந்து சேர்ந்தேன். இந்த ஊர்ப் பெயரை இங்கிருப்பவர்கள் வாயில் கோலிக்குண்டை அதக்கிக்கொண்டு சொல்வதுபோல் சொல்கிறார்கள். தூத்துக்குடி சுங்க அலுவலகத்தில் இத்தனை வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவள் நான். ஒரு ஊரையும் அப்படித்தான் பார்ப்பேன். போலந்து என்கிற இந்தப் பெட்டிக்குள் குளிர், உருளைக்கிழங்கு, சிரிக்கத் தெரியாத மனிதர்கள். வேறொன்றும் இல்லை, மூடிவிடலாம்.

என் தம்பி கிளாட்வின் இங்கே கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். அவன் கட்டிக்கொண்டவளின் பெயர் அக்னியெஷ்கா. அவ்வளவு நீளத்துக்கெல்லாம் எனக்கு நேரம் கிடையாது, ஆக்னெஸ் என்கிறேன். ஈஸ்டருக்கு வந்து, மே மாசப் பிரசவம் வரை இருந்து பார்த்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். பிள்ளைக்குப் பொறுமை இல்லை. போன வாரமே பிறந்துவிட்டது. பெண். ஒரு பொட்டலம் கருவாடு கூட அதைவிடக் கனமாக இருக்கும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"இப்ப வராத எக்கா, பாப்பா வீட்டுக்கு வந்தப்புறம் வா" என்று கிளாட்வின் போனில் சொன்னான். அவன் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? டிக்கெட்டை முன்னால் தள்ளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?" என்று விமான நிலையத்தில் கேட்டான்.

"இருமல் இருக்குல. ஏரோப்பிளேன் காத்து. இருமலோட அங்க விடமாட்டாங்க."

"அவ்வளவு ஒண்ணும் இருமலயே நீ."

இருமிக் காட்டினேன்.

ஆக்னெஸின் மூத்த சகோதரியும் இந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள், உதவிக்கு. அவளோடுதான் எனக்கு அறை. ட்ராம் ஓட்டுகிறவள். ஆள் கட்டுமரத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கிறாள். பெயர் போஜெனாவாம். என் காதில் போஜனா என்றுதான் விழுகிறது. பொருத்தம்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வந்துவிட்டது. புருஷன் இருந்து ஓடிவிட்டானாம். புத்திசாலி.

மார்ச் 22, ஞாயிறு

கடலைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மீன் கழுவின தண்ணீர்போல் கிடக்கிறது. நக்கிப் பார்த்தேன், ஒழுங்காக உப்புகூட இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

போஜனாவுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் நாலு வார்த்தைதான். அதனால் போனில் போலிஷில் பேசுகிறாள், போன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்கிறது. அந்தத் தமிழைக் கேட்க வேண்டுமே. காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "அன்புள்ள பெண்மணியே, நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா?" என்றது. இவள் ராத்திரியெல்லாம் விடுகிற குறட்டைக்கு நான் உயிரோடு இருப்பது ஆச்சரியம்தான்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே ஈஸ்டர் அமளி. மெல்பர்னில் இருக்கும் சித்தி மகள் சிபில் ஆரம்பித்து வைத்தாள். அவரவர் நாட்டில் ஈஸ்டர் எப்படி என்று எழுத வேண்டுமாம். அவள் நாட்டில் முயல் பயிரைத் தின்று அழிக்கிறதாம், அதனால் முயல் சாக்லேட்டை விட்டுவிட்டு பில்பி என்று ஏதோ நீளக் காது எலியைச் சாக்லேட்டில் வார்க்கிறார்களாம். ஆண்டவர் உயிர்த்தெழுந்தார், கொண்டாட ஒரு எலி.

பாரிஸிலிருந்து அல்ஃபி: அங்கே பெரிய வியாழனோடு கோயில் மணிகளெல்லாம் றெக்கை முளைத்து ரோமுக்குப் பறந்துபோய், ஞாயிற்றுக்கிழமை மிட்டாயோடு திரும்பி வருமாம். படித்த நாடு! ஸ்டாக்ஹோம் ரோஷினி தன் மகளுக்குச் சூனியக்காரி வேஷம் போட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் படம் போட்டிருக்கிறாள். மூன்று வருஷம் மறைக்கல்வி வகுப்பில் முதல் பரிசு வாங்கினவள் ரோஷினி. கிரீஸில் கப்பலை நிறுத்தியிருக்கும் ராயன் மாமா எழுதுகிறார்: அங்கே ஒரு தீவில் பெரிய சனிக்கிழமை பால்கனியிலிருந்து பெரிய பெரிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்களாம். கீழே போகிறவன் தலையில் விழுந்தால் அவன் நேரே மோட்சத்துக்கு. மணிலாவில் இருக்கும் அவர் மகன், நிஜமாகவே கையில் ஆணி அடித்துக்கொள்கிறவர்களைப் போன வருஷம் பிடித்த படத்தைப் போட்டு, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்றையும் ஒட்டியிருக்கிறான்.

இவர்கள் எல்லாருக்கும் பனிமய மாதா கோயிலில்தான் ஞானஸ்நானம். குருத்தோலையில் சிலுவை முடைந்து, பெரிய வெள்ளி கஞ்சி குடித்து வளர்ந்த கூட்டம். ஊரை விட்டுப் போனதும் எலியும் துடைப்பமும்.

கடைசியில் சிபில்: "எமல்டா, போலந்துல எப்படி? பாப்பா எப்படி இருக்கா? நீ பாத்துட்டேல்ல, ஒரு போட்டோ போடேன்."

போனின் சத்தத்தை நிறுத்தி மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இந்தக் குழுவால் மனுஷனுக்கு நிம்மதி இல்லை.

மார்ச் 27, வெள்ளி

இவர்கள் சிலுவைப்பாதையில் பாடுவதைக் கேட்டால் ஏசு மூன்றாவது தடவை விழுவதற்கு முன்பே தூங்கிப்போவார்.

கிளாட்வின் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். "பாருக்கா. இன்னைக்குக் கண்ணு முழிச்சா."

"கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன். அப்புறம் பாக்கேன்."

அவன் என் நெற்றியைப் பார்த்தான். கண்ணாடி அங்கேதான் இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெட்டியின் மேல் எங்கள் குடும்பப் பெயரைப் போட்டு 'மொத்தாவின் மகள்' என்று மட்டும் அட்டை தொங்குகிறதாம். வீட்டுக்கு வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் ஆக்னெஸ். பெயர் வைக்காமலா ஒரு பிள்ளையை விட்டு வைப்பார்கள்? என்ன ஜனங்களோ.

எனக்கும் கிளாட்வினுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். இருந்தார்கள், அவ்வளவுதான்.

வெங்காயம் இங்கே நன்றாக இல்லை, நறுக்கினால் கண் ரொம்ப எரிகிறது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு என்று நாம்தான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் குருத்தும் இல்லை, ஓலையும் இல்லை. உலர்ந்த பூவுக்குச் சாயம் போட்டுக் குச்சியில் சுற்றி ஓட்டடைக் கம்புபோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிலது ஆள் உயரம். எருசலேம் வீதியில் இதை ஆட்டியிருந்தால் கழுதை மிரண்டு ஓடியிருக்கும்.

இன்னும் சிலர் வெறும் மிலாறுக் குச்சிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் பூனைக்குட்டிக் காதுபோல் சாம்பல் நிறத்தில் ரோமம் வைத்த மொட்டுகள். பாதிரியார் மந்திரித்ததும் போஜனா அதிலிருந்து ஒரு மொட்டைக் கிள்ளி என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

போன் பேசியது: "தயவுசெய்து விழுங்கவும். தொண்டை நோய் ஓடிவிடும். எங்கள் வழக்கம்."

"நான் என்ன ஆடா?" என்றேன்.

போன் அதைப் போலிஷில் என்னவென்று சொன்னதோ, சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளானால் கையை எடுப்பதாக இல்லை. ட்ராமுக்குக் குறுக்கே நின்ற வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயில் வாசலில் இத்தனை பேர் முன்னால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பது? விழுங்கித் தொலைத்தேன். கம்பளிப் போர்வையின் ஓரத்தைக் கடித்து விழுங்கினதுபோல் இருந்தது. அவளும் ஒன்றை விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கிளாட்வினிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன என்றேன்.

"இனிமே ஒனக்கு இருமல் வராதாம். வந்தாலும் யாரும் நம்ப மாட்டாங்களாம்."

மார்ச் 31, செவ்வாய்

ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நானாகத்தான் போஜனாவின் ட்ராமில் ஏறினேன். அவளுக்குப் பின்னால், முதல் இருக்கை. சீருடையில் பார்த்தால் மாலுமிபோல் இருக்கிறாள். வேலை நேரத்தில் மட்டும் வாயை மூடுகிறாள், அதற்காகவே அந்த வேலைக்குக் கும்பிடு போடலாம்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. கதவைத் திறந்தாள். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவை மூடவில்லை. மேலே இருக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் கட்டிடம், வாசலில் சிகரெட் பிடிக்கும் இரண்டு பேர், பூச்செண்டு வைத்திருக்கும் ஒரு கிழவர். பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். கதவை மூடினாள்.

கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம். எதிர்ப் பக்கத்தில் அதே கட்டிடம் மறுபடி வந்தது. மறுபடியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கதவை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை.

ஊர் ஒன்றும் பிரமாதமில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

வெங்காயத் தோலை அள்ளிப் போட்டு முட்டையை வேகவைக்கிறாள் போஜனா. முட்டை செங்கல் நிறத்துக்கு வருகிறது. அதன் மேல் ஊசியால் பூவும் இலையும் கீறுகிறாள். ட்ராம் ஓட்டுகிற கை அவ்வளவு நுணுக்கமாக ஓடுகிறது. எதற்கு? ஞாயிற்றுக்கிழமை உடைத்துத் தின்பதற்கு. தின்கிற பண்டத்துக்குச் சித்திர வேலை செய்கிறவர்களிடம் என்ன பேசுவது?

நான் கொண்டுவந்த மக்ரூனில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். போன் சொன்னது: "இது மேகம். மேகத்திற்கு முந்திரி சேர்த்துள்ளீர்கள்." ஊரில் மக்ரூனை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். இவளுக்குப் பாராட்டக்கூடத் தெரியவில்லை.

கிளாட்வின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்றான்.

"எக்கா, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. ஆக்னெஸ் என்ன நினைக்கான்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவ பாஷையே எனக்குப் புரியல."

"வெள்ளக்காரி பெத்த புள்ளன்னுதான் நீ பாக்க வரமாட்டேங்கியாம். நேத்து அழுதா. 'ஒங்க அக்காவுக்கு என்னையப் பிடிக்கல, சரி. பாப்பா என்ன பண்ணுச்சு'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?"

போஜனா அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் சண்டை தெரியும்போல.

"நினைச்சா நினைச்சிட்டுப் போறா" என்றேன்.

"அப்படின்னா அதுதான் காரணமா?"

"நினைச்சிட்டுப் போறான்னு சொல்லுதேம்லா."

அவன் என்னைப் பார்த்த பார்வையை இதுவரை பார்த்ததில்லை. சின்ன வயசில் நான் அடித்தபோதெல்லாம்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்கே போய்விட்டான்.

நல்லது. என்னை யார் என்னவென்று நினைத்தால் எனக்கென்ன? கெட்டவள் என்று நினைப்பது எல்லாருக்கும் சுலபமாகப் புரிகிற விஷயம். இருக்கட்டும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஏசுவின் கல்லறை என்று கோயிலுக்குள் ஒன்றைக் கட்டி, அதற்குத் தீயணைப்புக்காரர்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பளபளவென்று தலைக்கவசம். உயிர்த்தெழுந்தால் தண்ணீர் பீய்ச்சி அணைத்துவிடுவார்களோ என்னவோ.

சாப்பாட்டுக்கு வேகாத மீன், எண்ணெயில் ஊறினது. தொடவில்லை.

பிள்ளைக்கு இரத்தத்தில் ஏதோ கிருமி என்று கிளாட்வின் போஜனாவுக்குத்தான் போன் செய்தான். எனக்குச் செய்யவில்லை. அவனும் ஆக்னெஸும் இன்று வீட்டுக்கு வரவில்லை.

ஏப்ரல் 4, பெரிய சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் போஜனா ஒரு பிரம்புக் கூடையை எடுத்தாள். உள்ளே வெள்ளைத் துணி விரித்தாள். கீறின முட்டைகள், ரொட்டி, உப்பு, மூக்கை எரிக்கிற ஏதோ கிழங்குத் துருவல், ஒரு முழு சாசேஜ். அதோடு வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி ஒன்று, கண்ணுக்கு இரண்டு மிளகு. இதையெல்லாம் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து, நாளைக் காலையில் தின்ன வேண்டுமாம். அவள் கண் போன் மேலேயே இருந்ததில் ஆட்டுக்குட்டியின் ஒரு காது உடைந்துவிட்டது. மறுபடி ஒட்டினாள். வா என்றாள். வீட்டில் தனியாக இருந்து என்ன செய்ய? போனேன்.

கோயிலைச் சுற்றி வரிசை. எல்லார் கையிலும் கூடை. ஊரே சந்தைக்கு வந்ததுபோல் இருந்தது. ஒரு இளம் பாதிரியார் வாளியில் தீர்த்தத்தை வைத்துக்கொண்டு, வெள்ளையடிக்கிற பிரஷ்போல் ஒன்றால் சாசேஜ்களின் மேல் தெளித்துக்கொண்டு வந்தார். ஜனங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கத் தெரியாத ஜனங்கள் தொத்திறைச்சிக்குத் தீர்த்தம் கிடைத்ததும் சிரிக்கிறார்கள்!

அப்போது என் போன் அடித்தது. கிளாட்வின். எனக்கு.

"எக்கா. வா."

"என்னலே?"

"பாப்பாவுக்கு இதயத் துடிப்பு விட்டு விட்டு நிக்குது. சாமியார கூப்பிடச் சொல்லி ஆக்னெஸ் கெஞ்சுதா. இங்க உள்ள சாமியார் வேற எங்கயோ கூடை மந்திரிக்கப் போயிட்டாராம். யாரயாவது கூட்டிட்டு வாக்கா."

போஜனாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், தமிழில்தான். போனை நீட்டவே இல்லை. அவள் வரிசையைப் பிளந்துகொண்டு நேரே பாதிரியாரிடம் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் வாளியைக் காட்டினார், கூட்டத்தைக் காட்டினார், தலையை ஆட்டினார். வருகிறேன், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் சாகக் கிடக்கிற பிள்ளை, ஒரு பக்கம் இன்னும் நனையாத சாசேஜ். இவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"வா" என்று போஜனாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். ஓடினோம். கூடை அவள் கையிலேயே இருந்தது. ட்ராம் ஓட்டினவன் அவளோடு வேலை செய்கிறவன். அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு நடுவில் இரண்டு நிறுத்தங்களை நிறுத்தாமலே தாண்டினான்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கதவு திறந்தது. இறங்கினேன்.

கை கழுவச் சொன்னார்கள். பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே வெதுவெதுப்பு, சின்னச் சின்ன மணிச் சத்தங்கள். கிளாட்வின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஆக்னெஸ் பெட்டியின் மேல் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். பாதிரியாரைத் தேடுகிறாள்.

"வரல" என்றேன். "வர நேரமாவும்."

அப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன்.

கிளாட்வினின் மூக்கு. அந்த அளவு முகத்தில் அந்த மூக்கு எப்படிப் பிடித்ததோ. மற்றதெல்லாம் குழாயும் ஒட்டுத் துணியும். நெஞ்சு, குருவி நெஞ்சு, ஏறி இறங்கி, பிறகு யோசித்துக்கொண்டு நின்றது. நர்ஸ் விரலால் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி ஏறியது.

"சாமியார் வேண்டாம்" என்றேன். "சாவு அவதியில யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். ஒனக்குத் தெரியும்லா? குடு."

"என்னால முடியாதுக்கா" என்று கையைக் காட்டினான். விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. "நீ குடு."

ஆக்னெஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஊசிக்குழலில் கொஞ்சம் சுத்தத் தண்ணீர் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தாள். கையை உள்ளே விட்டேன். நர்ஸ் ஏதோ கேட்டாள். கிளாட்வின், "பேரு கேக்காங்க" என்றான்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவர் வாயிலும் பெயர் இல்லை. மணி வேகமாக அடிக்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் என் வாயில் வேறு எந்தப் பெயரும் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். காது நிறைய ராத்திரி பகலாகக் கேட்ட பெயர் அது ஒன்றுதான்.

"போஜெனா" என்றேன். "போஜெனா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு துளி. நெற்றி அவ்வளவு சின்னது, மூன்றாவது துளி காதோரம் வழிந்தது. என் விரலால் ஒற்றினேன். இந்த வார்த்தைகளை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டு உள்ளறையில், மருத்துவச்சி சொல்ல, இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அதன்பிறகு அறை ரொம்ப அமைதியாகிவிட்டது.

இந்த அறை அமைதியாகவில்லை. மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போஜனா கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெயர் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பெரிய உடம்பு மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தது.

என் கை பெட்டியை விட்டு வெளியே வர மறுத்தது. ஆக்னெஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயமா?" என்றாள். தமிழில். கிளாட்வின் எப்போது அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தானோ.

"நான் எதுக்குப் பயப்படணும்?" என்றேன். "குளிரு. ஒங்க ஊருக் குளிருல கை நடுங்கத்தான் செய்யும்."

அந்த அறைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது எனக்கு. அவள் மணிக்கட்டை விடவில்லை.

பாதிரியார் மத்தியானத்துக்கு மேல் வந்தார். கையெல்லாம் ஈரம். சாசேஜ்கள் எல்லாம் சௌக்கியமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கிளாட்வின் என் முழங்கையைக் கிள்ளினான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

இருக்கிறாள்.

காலையில் டாக்டர் வந்து, நேற்றைவிட மோசமில்லை என்றார். இவர்கள் மொழியில் அதற்கு நல்ல செய்தி என்று அர்த்தமாம். நல்ல செய்தியைக்கூட நல்லபடியாகச் சொல்லத் தெரியாத நாடு.

ஈஸ்டர் பூசைக்கு யாரும் போகவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, கூடையின் வெள்ளைத் துணியை விரித்தாள் போஜனா. மந்திரிக்காத முட்டை, மந்திரிக்காத சாசேஜ். பாதிரியார் எங்கள் கூடைக்கு வருவதற்குள்தான் ஓடிவந்துவிட்டோமே. முட்டை ஒன்றை உரித்துத் துண்டு போட்டாள். ஆளுக்கொரு துண்டு கையில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லித்தான் தின்ன வேண்டுமாம்.

பக்கத்துப் பெட்டியில் இரட்டைப் பிள்ளைகளை வைத்திருக்கும் லெஸ்யா என்ற உக்ரைன்காரப் பெண் அங்கே இருந்தாள். அவளுக்கும் ஒரு துண்டை நீட்டினோம். வேண்டாம் என்றாள். அவர்களுக்கு ஈஸ்டர் அடுத்த ஞாயிறுதானாம், அதுவரை முட்டை தொடமாட்டாளாம். கடவுள் ஒருவர், உயிர்த்தெழுந்தது ஒரு தடவை, அதற்குத் தேதி இரண்டு. ஆனாலும் அவள் எங்களோடு உட்கார்ந்து, நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெட்டிகளின் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே.

போஜனா என் பக்கம் திரும்பி என்னவோ நீளமாகச் சொன்னாள். மொழிபெயர்க்கிற போனை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாமி, இவள் குறட்டை குறையட்டும், இந்தப் பிள்ளை இவளைப்போல வளரட்டும் என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு எங்கே புரியப்போகிறது. அந்தக் கிழங்குத் துருவலையும் கொஞ்சம் என் வாயில் வைத்தாள். கண்ணில் நீர் கொட்டியது எனக்கு. அது அந்தக் கிழங்கின் குணம், தின்கிற எல்லாருக்கும் கொட்டும்.

ஆக்னெஸ் என்னை எங்கள் ஊர் முறைப்படி மைனி என்று கூப்பிட்டாள். உச்சரிப்பு சரியில்லை. சொல்லிக்கொடுத்தால் வரும்.

வாட்ஸப்பில் சிபில் விடவில்லை. "போலந்துல ஈஸ்டர் எப்படின்னு எழுதவே இல்லையே" என்று கேட்டிருந்தாள். ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூக்கு. கீழே, "அப்படியே நம்ம கிளாட்வின்" என்று போட்டேன். அதற்குப் பிறகு எலியைப் பற்றியும் மணியைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

காட்டுமிராண்டி ஜனங்கள். இதை எழுதாமல் விட முடியாது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, நல்ல கம்பளி மாட்டி, தலை சீவிக்கொண்டு அறையை விட்டு வந்தேன். கதவுக்குப் பின்னால் மறைந்து நின்ற போஜனா ஒரு குவளைத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். ஐஸ் தண்ணீர்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பைத்தியமாட்டி ஒனக்கு?" என்று கத்தினேன்.

அவள் போனை நீட்டினாள். "ஈரத் திங்கட்கிழமை வாழ்த்துகள்" என்றது போன். "இன்று அனைவரும் அனைவரையும் நனைக்கலாம். நனைந்தவர் ஆண்டு முழுவதும் நலமாக இருப்பார். தயவுசெய்து கோபப்பட வேண்டாம்."

விசாரித்தால் உண்மைதான். நாடு முழுக்க இன்றைக்கு இதுதான் வேலையாம். ஈஸ்டர் முடிந்த மறுநாள் பெரிய மனிதர்கள் வாளியோடு அலைகிறார்களாம். ஜன்னலைத் திறந்தால் கீழே தெருவிலும் ஒரே கூச்சல்.

நான் நேரே குளியலறைக்குப் போனேன். துணி ஊறவைக்கிற வாளி இருந்தது. அதை நிறையப் பிடித்தேன். அவள் படிக்கட்டில் நின்று, எதிர் வீட்டுக்காரரிடம் நான் கத்தின விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முழு வாளியையும் கவிழ்த்தேன். தலையிலிருந்து பூட்ஸ் வரை. எதிர் வீட்டுக்காரருக்கும் பாதி போய்ச் சேர்ந்தது.

கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான்தான் எல்லை மீறிவிட்டேனோ என்று பார்த்தேன். பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், படிக்கட்டு அதிர்ந்தது. அந்த மனிதர் உள்ளே ஓடிப்போய் ஒரு கெட்டிலோடு திரும்பி வந்தார். நல்லவேளை, பச்சைத் தண்ணீர்தான். நானும் விடவில்லை.

கிளாட்வினின் அழைப்பு அந்த அமளியில்தான் வந்தது. "எக்கா, காய்ச்சல் எறங்கிருச்சு. மூச்சுக் குழாயத் தன் கையாலயே புடுங்கிப் போட்டுட்டா. டாக்டர் பாத்துட்டு, சரி, கொஞ்ச நேரம் குழாய் இல்லாம இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. தானாவே மூச்சு விடுதா எக்கா. என்ன அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. தண்ணி கொட்டிருச்சு. வாரோம்."

போஜனாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் போனை எடுத்து அமுக்கினாள், தட்டினாள், உதறினாள். தண்ணீர்தான் வடிந்தது. செத்துப்போயிருந்தது. அது என் வாளியின் வேலை. மூக்கைக் காட்டி, குழாயைப் பிடுங்குவதுபோல் கையை வீசி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக் காட்டினேன். அவள் என்னைத் தூக்கிக்கொண்டாள். எடை பார்க்காமல் தூக்கிவிட்டாள், முரடு.

துணியை மாற்றிக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இனி எங்களுக்குப் பேச ஒரு மொழி கிடையாது. ஈரம் சொட்டச் சொட்ட ட்ராமில் ஏறி உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வருகிறவரைக்கும் அவளும் வாயை மூடவில்லை, நானும் மூடவில்லை.